தரையில் கிடக்கும் பாலகன்

லூக்கா நற்செய்தி இந்த விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை. தாய் தன் தலைப்பிள்ளையைத் துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தினாள். மாட்டைப் பற்றியும் கழுதையைப் பற்றியும் லூக்கா மூச்சுக்கூட விடவில்லை. அவை பின்னால் வந்து சேர்ந்தவை. துணியும் தொட்டியும் அப்படியல்ல, நூலிலேயே இருப்பவை. புளோரன்ஸ் நகரின் உஃபீஸி அருங்காட்சியகத்தில் உள்ள போர்ட்டினாரி பீடப்படத்திலோ துணியும் இல்லை, தொட்டியில் பிள்ளையும் இல்லை. பிறந்த மேனியாக, வெற்றுத் தரையில், மல்லாந்து கிடக்கிறது குழந்தை. உடம்பைச் சுற்றி ஊசி முனைபோல் சில பொன் கதிர்கள். அதைச் சுற்றி ஆள் இல்லாத ஒரு பெரிய இடைவெளி. தாய் கைகூப்பி மண்டியிட்டிருக்கிறாள், எடுக்கவில்லை. யோசேப்பும் எடுக்கவில்லை, வானதூதர்களும் எடுக்கவில்லை. அத்தனை பேர் கூடியிருக்கும் பிள்ளைப்பேற்று வீட்டில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

வரைந்தவர் கென்ட் நகரத்து ஹூகோ வான் டெர் கூஸ். காலம் 1475ஐ ஒட்டி. நடுப்பலகை மட்டுமே 253 சென்டிமீட்டர் உயரம், 304 சென்டிமீட்டர் அகலம். இரு சிறகுகளையும் விரித்தால் ஏறக்குறைய 6 மீட்டர். இவ்வளவு பெரிய படத்தில் நற்செய்தி சொன்ன துணியை வைக்க இடமில்லாமல் போயிருக்காது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்.

இதற்கு முன்னுதாரணம் ஒரு பெண்ணின் காட்சி. சுவீடனைச் சேர்ந்த பிரிஜித்தா, எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர், கணவரை இழந்தவர், தள்ளாத வயதில் 1372இல் பெத்லகேமுக்குப் போனார். அங்கே தமக்குத் தோன்றிய காட்சியை எழுதி வைக்கச் செய்தார். அதில் மாதா செருப்பைக் கழற்றுகிறார், மேலாடையையும் முக்காட்டையும் எடுத்துவிடுகிறார், கூந்தல் தோளில் விழ மண்டியிட்டுச் செபிக்கிறார். கண் இமைக்கும் நேரத்தில் பிள்ளை தரையில் கிடக்கிறது. எப்படிப் பிறந்தது என்று பார்த்துக்கொண்டிருந்த பிரிஜித்தாவுக்கே பிடிபடவில்லை. யோசேப்பு ஏற்றி வைத்த மெழுகுவர்த்தி, குழந்தையின் ஒளிக்கு முன்னால் இருந்த இடம் தெரியாமல் மங்கிப் போகிறது. அதன் பிறகு குழந்தை குளிரில் நடுங்கி அழுகிறது. தாய் வாரியெடுத்து அணைத்துக்கொள்கிறாள், துணி சுற்றுகிறாள். லூக்காவின் துணி அங்கேதான் வருகிறது. ஓவியர் அதற்கு ஒரு நொடி முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

பிரிஜித்தா 1373இல் இறந்தார். 1391இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் கண்ட காட்சி ஐரோப்பிய ஓவியத்தையே புரட்டிப் போட்டது. அதற்கு முன்பு பைசாந்தியப் படங்களில் மாதா குகைக்குள் படுக்கையில் சாய்ந்திருப்பார், பிள்ளை பெற்ற எந்தத் தாயும் கிடப்பதுபோல. ஓர் ஓரத்தில் மருத்துவச்சிகள் குழந்தையைக் குளிப்பாட்டுவார்கள். 1305ஐ ஒட்டி ஜியோட்டோ படுவாவில் வரைந்த சுவரோவியத்திலும் மாதா படுத்தபடிதான் பிள்ளையை வாங்குகிறார். பிரிஜித்தாவுக்குப் பிறகு படுக்கை போனது. மருத்துவச்சிகளும் மெல்ல மெல்ல வெளியேறினார்கள். இன்று தமிழ்நாட்டில் டிசம்பர் மாதம் கடைகளில் விற்கும் குடில் பொம்மைகளில் மாதா மண்டியிட்டே இருக்கிறார். அந்த மண்டியிடலின் வேர் இந்தக் காட்சியில்தான் இருக்கிறது என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

படுத்திருந்த தாய் எழுந்து மண்டியிட்டதில் ஒரு பழைய வழக்குக்குத் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. மாதாவுக்குப் பிரசவ வலி இருந்ததா?

கேள்வி சின்னதாகத் தோன்றலாம். தொடக்க நூற்றாண்டுகளில் அது கிறிஸ்தவத்தின் உயிர்நாடியைத் தொட்டது. கடவுளின் மகன் உண்மையான மனித உடலோடு வந்தாரா என்பதே அடியில் இருந்த பிரச்சினை. கருப்பையும் இரத்தமும் இறைமைக்கு இழுக்கு என்று மார்சியன் என்ற போதகர் ஒதுக்கினார். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்தூலியன் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்துவின் உடலைப் பற்றி ஒரு நூலே எழுதி அவரை விளாசினார். மனிதனை நேசிப்பவர் அவன் பிறக்கும் விதத்தையும் சேர்த்தே நேசிக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். கருப்பையின் நீர், இரத்தம், அருவருப்பு எதையும் அவர் மூடி மறைக்கவில்லை. அசல் பிரசவம் இல்லையென்றால் அசல் உடலும் இல்லை, சிலுவையில் அசல் சாவும் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு மரபு ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது. 2ஆம் நூற்றாண்டில் எழுந்த யாக்கோபின் முன்நற்செய்தி, திருச்சபை ஏற்ற நூல்களின் பட்டியலில் இடம்பெறாவிட்டாலும், ஓவியர்களுக்கு வற்றாத கதைச் சுரங்கம். அதில் குகைக்குள் ஒளி பெருகுகிறது, அது வடியும்போது பிள்ளை தெரிகிறது. நம்பாத சலோமி என்ற பெண் கைவைத்துச் சோதிக்கப் போய்க் கை பொசுங்கி நிற்கிறாள். தொடக்கநூலில் ஏவாளுக்கு விதிக்கப்பட்ட தண்டனை பேறுகால வேதனை. பாவமில்லாதவளுக்கு அந்தத் தண்டனை எதற்கு என்று பிற்கால இறையியலாளர்கள் கேட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வலி இல்லை என்றே முடிவு கட்டினார். ஆனாலும் வழக்கு அத்தோடு ஓயவில்லை. 1952இல் ஆஸ்திரிய இறையியலாளர் ஆல்பர்ட் மிட்டரர், பிரசவத்தின் இயல்பான கூறுகளை எல்லாம் நீக்கிவிட்டால் தாய்மையில் என்ன மிஞ்சும் என்று உயிரியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். 1960இல் கார்ல் ரானர், உடற்கூற்று விவரங்களுக்குள் போக விசுவாசம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்ற திசையில் எழுதினார்.

இத்தனையும் மனதில் இருந்தால் படத்தின் வலது சிறகு வேறு மாதிரித் தெரியும்.

படத்துக்குப் பணம் கொடுத்தவர் டொமாஸோ போர்ட்டினாரி. மெடிச்சி வங்கியின் புரூஜ் நகரக் கிளையை நடத்தியவர். இடது சிறகில் அவரும் இரு மகன்களும் மண்டியிட்டிருக்கிறார்கள். வலது சிறகில் அவர் மனைவி மரியா மத்தலேனா பரோன்செல்லியும் மகள் மார்கெரிட்டாவும். மரியாவுக்கு 1470இல் திருமணம் நடந்தபோது வயது 14 இருக்கும். கணவர் அவளைவிட மிக மூத்தவர். ஹூகோ வரைந்த நேரத்தில் அவளுக்கு ஏறக்குறைய 20 வயது, மூன்று பிள்ளைகள். படத்தில் அவள் முகம் இறுகி, சற்று வெளுத்து, தாடை எலும்பு தெரிய மெலிந்திருக்கிறது. கழுத்தில் நகை, தலையில் நீண்ட கூம்புத் தொப்பி. மேல்நெற்றி மயிர் அக்கால நாகரிகப்படி இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது.

இத்தகைய படங்களில் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் அவரவர் பெயர்கொண்ட புனிதர் நிற்பதுதான் முறை. மரியா மத்தலேனாவுக்கு மகதலா மரியா, மார்கெரிட்டாவுக்குப் புனித மார்கரெட். ஹூகோவோ இடம் மாற்றி நிறுத்தியிருக்கிறார். தாய்க்குப் பின்னால் நிற்பவர் மார்கரெட். காலடியில் அவருடைய பறவைநாகம் வாயைப் பிளந்தபடி கிடக்கிறது. கதைப்படி அந்த நாகம் மார்கரெட்டை விழுங்கிவிட்டது. அவர் அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு முழுதாக வெளியே வந்தார். வயிற்றிலிருந்து நலமாக வெளியே வந்தவர் என்பதால் பிள்ளைப்பேற்றுப் பெண்களின் காவலர் ஆனார். பேறுகாலத்தில் அவர் வரலாற்றைப் படித்துக் காட்டுவதும், அந்த ஏட்டையே வயிற்றின்மேல் வைப்பதும் அக்கால ஐரோப்பாவில் நடந்தவை. 1995இல் ஜூலியா மில்லர் என்ற கலை வரலாற்றாளர் இந்தப் படத்தைப் பேறுகாலத்தோடு இணைத்து வாசித்தபோது மார்கரெட் அவருக்கு முக்கியச் சாட்சி.

நடுப்பலகையில் வலியே இல்லாமல் பெற்றவர்; பக்கத்துப் பலகையில் மூன்று முறை வலித்துப் பெற்று, நான்காவதற்குக் காவல் தேடும் பெண். திருமணமான பெண்ணுக்குப் பிரசவம் என்பது சாவின் வாசல்வரை போய்த் திரும்புவதாக இருந்த காலம் அது. அந்த மரியா, வலி அறியாத இந்த மரியாவைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? படம் பதில் சொல்வதில்லை. ஆனால் வேதனைப்படும் பெண்ணுக்கு மாதாவை மட்டும் காட்டி அனுப்பிவிடாமல், நாகத்தின் வயிற்றுக்குள் இருந்து வந்த ஒருத்தியைத் தோளுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறது. இறையியல் புத்தகங்கள் ஓர் உடலில் ஒட்டவைக்க முடியாமல் திணறிய இரண்டு உண்மைகளை ஓவியர் இரண்டு பலகைகளில் பிரித்து வைத்து, நடுவில் கீல் பூட்டிவிட்டார்.

படத்தின் முன்தளத்தில் இரண்டு பூக்குவளைகள். ஒன்று அக்கால மருந்துக் கடைகளில் களிம்பும் லேகியமும் வைக்கும் வகைப் பீங்கான் சாடி. அதில் செந்நிற லில்லியும் வெள்ளை, ஊதா ஐரிஸ்களும். இன்னொன்று கண்ணாடிக் குவளை. அதில் மூன்று சிவப்புக் கார்னேஷன்களும் நீலக் கொலம்பைன்களும். தரையில் வயலட் பூக்கள் சிதறிக் கிடக்கின்றன. குவளைகளுக்குப் பின்னால் ஒரு கதிர்க்கட்டு. விளக்கம் சொல்ல வருகிறவர்களுக்கு இந்த மூலை ஒரு விருந்து. செந்நிறம் பாடுகளின் இரத்தம், மூன்று கார்னேஷன்கள் மூன்று ஆணிகள், கொலம்பைன் மாதாவின் துயரங்கள், வயலட் தாழ்மை. கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவும் ஒளி, கன்னிமை குலையாத பிறப்பு.

1953இல் கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி நெதர்லாந்து ஓவியங்களைப் பற்றி எழுதிய பெருநூலில் இந்த வாசிப்புக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தார். இந்த ஓவியர்கள் அன்றாடப் பொருளுக்குள் மறைபொருளைப் பொதிந்து வைத்தார்கள் என்பது அவர் கட்சி. அது பெரிய திறவுகோல்தான். ஆனால் திறவுகோல் கையில் வந்துவிட்டால் காண்பதெல்லாம் பூட்டாகத் தெரியும் ஆபத்தும் உண்டு. யோசேப்பின் அருகே கழற்றிக் கிடக்கும் மரக்காலணியைப் பாருங்கள். எரியும் முட்செடியின் முன் மோசே செருப்பைக் கழற்றியதை அது நினைவூட்டுகிறது என்கிறார்கள். பிரிஜித்தாவின் காட்சியில் மாதா செருப்பைக் கழற்றியதையும் சொல்கிறார்கள். இரண்டும் பொருந்துகின்றன. இரண்டையும் தள்ளிவிட்டு, நெடுவழி நடந்துவந்த ஒருவர் மண்டியிடும்போது கழற்றிப் போட்டது என்றாலும் தப்பில்லை. படம் மூன்றையும் தாங்குகிறது. ஒன்றைச் சரியென்று அடித்துச் சொல்லி மற்றதைத் துரத்துபவர்தான் படத்தைக் குறைக்கிறார்.

பார்வை கூர்மையாக இருப்பவர்களுக்குப் பலன் உண்டு என்பதும் மெய். மாட்டின் தலைக்கு மேலே, கொட்டிலின் இருட்டில், பல்லும் நகமும் கொண்ட ஒரு பேயுருவம் பதுங்கியிருப்பதை 1960இல் ராபர்ட் வாக்கர் கட்டுரை எழுதிக் காட்டினார். அதுவரை நிழல் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறார்கள்.

மருந்துச் சாடிக்கு அகராதி தேவையில்லை, முகவரி போதும். படம் போன இடம் சாந்தா மரியா நுவோவா மருத்துவமனையின் கோவிலான சாந்தெஜீதியோ. 1288இல் அந்த மருத்துவமனையை நிறுவியவர் ஃபோல்கோ போர்ட்டினாரி, டொமாஸோவின் குல மூதாதை, கவிஞர் தாந்தே பாடிய பெயாத்ரிசேயின் தந்தை. அங்கே நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களும் நாள்தோறும் இத்தகைய சாடிகளைக் கையாண்டவர்கள். இடது சிறகில் நிற்கும் புனித வனத்து அந்தோனியார் அவர்களுக்கு வெறும் அலங்காரம் இல்லை. உடம்பை எரித்து விரல்களைக் கருக்கும் 'அந்தோனியார் நெருப்பு' என்ற நோய்க்கு அவரிடம்தான் வேண்டிக்கொள்வார்கள். அறிஞர் ஆணியாகப் பார்ப்பதை நோயாளி மருந்தாகப் பார்த்திருப்பார். யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை.

கோவிலில் அந்தப் படம் தொங்கியது பீடத்துக்கு மேலே. துணி ஏன் இல்லை என்பதற்கு விடையில் பாதி அங்கே இருக்கிறது. வானதூதர்களின் உடைகளை உற்றுப் பாருங்கள். அவை திருப்பலியில் துணை நிற்கும் திருத்தொண்டர்களின் உடைகள். பூவேலை செய்த கனத்த போர்வைகள், அவற்றின் கரைகளில் திருப்பலிப் பாட்டின் 'சாங்க்துஸ்' என்ற சொல். ஆனால் பலியை ஒப்புக்கொடுக்கும் குரு எல்லாவற்றுக்கும் மேலே அணியும் அங்கி ஒருவர்மேலும் இல்லை. குரு எங்கே என்று கேட்டால் தரையில் கிடக்கிறார், பலியும் அவரே. முன்னால் கிடக்கும் கதிர்க்கட்டு அப்பமாகப் போகிறது. உயிருள்ள குரு படத்துக்குக் கீழே நின்று அப்பத்தை உயர்த்தும்போது, அதற்கு நேர் மேலே இந்தச் சின்ன வெள்ளை உடல். துணியில் பொதிந்து தொட்டியில் வைத்தால் இந்த ஒப்புமை நிற்காது. உடல் வெளிப்பட வேண்டும், யாரும் தொடாமல் தனித்துக் கிடக்க வேண்டும்.

வெறும் பிறப்பாக மட்டும் இருந்தால் அந்த முகங்களில் இவ்வளவு கனம் இருக்க நியாயமில்லை. அங்கே இருப்பவர்களுக்கு முடிவு தெரிந்திருக்கிறது, மூன்று பேரைத் தவிர.

அந்த மூன்று பேர் வலப்பக்கத்திலிருந்து ஓடிவரும் இடையர்கள். முன்னவன் கைகூப்பிவிட்டான். அடுத்தவன் கைகளை விரித்தபடி, கூப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறான். மூன்றாமவன் இன்னும் வந்துசேரவே இல்லை. வாய் பிளந்திருக்கிறது, பல் தெரிகிறது. வெயிலில் காய்ந்த தோல், மண்ணேறிய தடித்த விரல்கள். காலக்கணக்கும் இங்கே இடிக்கிறது. தாய் பிள்ளையை எடுக்கும் முன்பே இவர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. அளவுகளைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். பணம் கொடுத்த வங்கியாளரும் குடும்பமும் தங்கள் புனிதர்களின் பக்கத்தில் பொம்மைகள்போல் சிறுத்திருக்கிறார்கள். வானதூதர்கள்கூடச் சிறியவர்கள். இடையர்களோ மாதாவுக்கும் யோசேப்புக்கும் சமமான ஆகிருதி. எந்த அடையாளத்தையும் வாசிக்கத் தெரியாதவர்கள், பூக்களைக் கவனிக்காதவர்கள், கண்டதைக் கண்டபடி பார்ப்பவர்கள். ஓவியர் அவர்களுக்குத்தான் முழு உடம்பு கொடுத்தார். இந்தப் படத்துக்கு விளக்கம் எழுதும் எவரும் இந்த மூவரைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.

படம் புரூஜிலிருந்து கப்பலேறி, சிசிலி சுற்றி, பீசா வந்து, ஆர்னோ ஆற்றின் வழியாகப் புளோரன்ஸ் சேர்ந்த நாள் 28 மே 1483. நகர வாசலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல 16 சுமையாட்கள் தேவைப்பட்டார்கள். ஹூகோ முந்தைய ஆண்டே இறந்திருந்தார். பிரசல்ஸ் அருகே ஒரு மடத்தில் எளிய சகோதரராகச் சேர்ந்தவர், கடைசி ஆண்டுகளில் தாம் நரகத்துக்கே விதிக்கப்பட்டவர் என்ற எண்ணத்தில் மனம் பேதலித்துத் துடித்தார் என்று மடத்தில் உடன் இருந்த காஸ்பர் ஒஃபைஸ் எழுதி வைத்திருக்கிறார். இந்தப் படத்தின் இறுக்கத்தை அந்த நோயோடு முடிச்சுப் போடும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது. பேறுகாலமும் பலியும் இவ்வளவு கணக்காக அமைந்த படத்துக்கு அந்த முடிச்சு தேவையில்லை. போர்ட்டினாரியும் அதற்குள் சரிந்துவிட்டார். பர்கண்டிப் பிரபு சார்லஸுக்கு அள்ளிக்கொடுத்த கடன், 1477இல் பிரபு போரில் செத்ததோடு போனது. மெடிச்சிகள் அவரைக் கைகழுவினார்கள்.

மெடிச்சி வங்கி முழுவதற்கும் தலைமை மேலாளர் பிரான்செஸ்கோ சஸ்ஸெட்டி. அவர் தம் குடும்பக் கல்லறைக்காகச் சாந்தா திரினிதா கோவிலில் எழுப்பிய சிற்றாலயத்துக்கு டொமெனிக்கோ கிர்லாண்டாயோ பீடப்படம் வரைந்தார். அதில் பொறித்த ஆண்டு 1485. போர்ட்டினாரி படம் ஊருக்குள் வந்து இரண்டே வருடம். ஹூகோவின் இடையர்கள் அதில் அப்படியே குடிவந்திருக்கிறார்கள்; அவர்களில் ஒருவனுக்குக் கிர்லாண்டாயோ தம் முகத்தையே கொடுத்து, குழந்தையைச் சுட்டிக்காட்ட வைத்திருக்கிறார். ஒரு படத்துக்கு முதல் உரை எழுதுபவர் பெரும்பாலும் இன்னொரு ஓவியர்தான். வறண்ட கைகளையும் மண்டியிடலையும் இத்தாலியர் வாங்கிக்கொண்டார். வெற்றுத் தரை மட்டும் அவருக்கு ஒப்பவில்லை போலிருக்கிறது. மாதாவின் நீல மேலாடையை நீட்டிப் பிள்ளைக்குக் கீழே விரித்துவிட்டார். சாவைச் சொல்ல வேறு வழி கண்டுபிடித்தார்: தீவனத் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துப் பொறித்த ஒரு ரோமானியக் கல் சவப்பெட்டி. மாடும் கழுதையும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. சஸ்ஸெட்டியும் மனைவியும் அதே சிற்றாலயத்தில் கல் சவப்பெட்டிகளுக்குள் அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்கள் படம் இன்றும் அதே பீடத்தின்மேல் இருக்கிறது. போர்ட்டினாரி படத்துக்குக் கீழே இப்போது பீடம் கிடையாது.